இறந்தவரின் கைபேசி எண்ணைக் கடைசியாக முடக்குங்கள்: பலரின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அப்பா தவறி நாலு நாள் ஆகிறது, சார். எதிலிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை.

பதில்: இறப்புச் சான்றிதழிலிருந்து. வங்கி, காப்பீடு, ஓய்வூதியம், சொத்து என்று பல இடங்களில் கேட்பார்கள். சான்றளித்த பிரதிகளை ஒரே தடவையில் குறைந்தது பத்து வாங்கிவிடுங்கள். பதிவுக்கு முன் படிவத்தை நிதானமாக வாசியுங்கள். பெயர், பிறந்த தேதி இரண்டும் அவருடைய அடையாள ஆவணத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். சான்றிதழில் முன்னெழுத்து மட்டும், வங்கியில் முழுப்பெயர் என்றிருந்தால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கவே தனியாக அலைய வேண்டிவரும்.

கேள்வி: அண்ணனின் போனுக்கு மாதாமாதம் கட்டணம் போகிறது. சிம்மை ரத்து செய்துவிடலாமா?

பதில்: இப்போது வேண்டாம். பலரும் அவசரப்பட்டு முதலில் செய்வது இதைத்தான். வங்கி, காப்பீடு, சந்தா என்று எங்கெங்கே அவருக்குக் கணக்கு இருந்தது என்பதை அந்த எண்ணுக்கு வரும் குறுஞ்செய்திகளே காட்டிக்கொடுக்கும். ரத்தான எண் பிறகு வேறொருவர் கைக்குப் போய்விடலாம். குறைந்த கட்டணத் திட்டத்துக்கு மாற்றி வைத்திருங்கள்.

கைபேசியின் சார்ஜ் தீர்ந்து அணைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிம்முக்கு 'பின்' (PIN) என்ற பூட்டு எண் போட்டிருந்தால், மறுபடி ஆன் செய்யும்போது கேட்கும். மூன்று முறை தவறாகப் போட்டால் பூட்டிக்கொள்ளும். அப்புறம் சிம் நிறுவனம் தரும் பியுகே (PUK) என்ற திறப்பு எண் இல்லாமல் திறக்காது.

கேள்வி: அம்மாவின் ஏடிஎம் பின் எனக்குத் தெரியும். நாமினியும் நான்தான். காரியச் செலவுக்கு எடுக்கலாமா?

பதில்: எடுக்காதீர்கள். நாமினி என்பதற்காக அவருடைய அட்டையைப் பயன்படுத்தும் உரிமை வந்துவிடாது. உயிரோடிருந்தபோது எழுதிக் கொடுத்த பவர் பத்திரமும் பொதுவாக இறப்போடு செல்லாமல் போகும். இறந்த தேதிக்குப் பிறகு எடுத்த ஒவ்வொரு தொகையும் கணக்கு அறிக்கையில் நிற்கும்; நல்லெண்ணத்தோடு எடுத்தது கூட உடன்பிறப்புகளுக்குள் வழக்காகியிருக்கிறது. கைப்பணத்தில் செலவழித்து, ரசீதுகளை ஒரே உறையில் போட்டு வையுங்கள். பிறகு கணக்கு காட்டிக் கேட்கலாம்.

கேள்வி: இறந்தவருக்குக் கடன் கொடுத்தவர்கள் என்னைக் கூப்பிட்டுக் கட்டச் சொல்கிறார்கள்.

பதில்: வாய்மொழியாக எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பாக்கி விவரத்தை எழுத்தில் கேளுங்கள். நீங்கள் இணைக்கடனாளியாகவோ ஜாமீனாகவோ கையெழுத்திட்டிருந்தால் பொறுப்பு உங்களுக்கும் உண்டு. இல்லையென்றால் கட்டுவதற்கு முன் வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: அக்காவின் புகைப்படங்கள் எல்லாம் ஐபோனிலும் கூகுளிலும் இருக்கின்றன. எப்படி எடுப்பது?

பதில்: ஆப்பிளில் அவர் உங்களை 'லெகசி காண்டாக்ட்' ஆக, அதாவது தன் இறப்புக்குப் பின் கணக்கைப் பார்க்கக்கூடியவராக வைத்திருந்தால், அப்போது உருவான அணுகல் சாவியும் இறப்புச் சான்றிதழும் கொடுத்து விண்ணப்பிக்கலாம். அனுமதி கிடைத்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குத்தான் செல்லும். அதற்குள் எல்லாவற்றையும் பதிவிறக்கிவிடுங்கள். ஆப்பிளின் கடவுச்சொல் பெட்டகமான கீசெயினில் உள்ள கடவுச்சொற்கள் இதில் கிடைக்காது. கூகுளில், 2 ஆண்டு பயன்படுத்தாத தனிநபர் கணக்கை நிறுவனம் நீக்கக்கூடும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். ஃபேஸ்புக்கை மட்டும் பொறுமையாகச் செய்யலாம்: நினைவுக் கணக்காக மாற்றியபின் கடவுச்சொல் தெரிந்தாலும் யாரும் உள்ளே நுழைய முடியாது.

கேள்வி: தானாகக் கழியும் கட்டணங்களை எல்லாம் நிறுத்தச் சொல்லிவிடவா?

பதில்: சந்தாக்களை நிறுத்துங்கள். வீட்டுக் காப்பீட்டையும் வாகனக் காப்பீட்டையும் தொடாதீர்கள். வங்கி கணக்கை முடக்கியதும் அந்தத் தவணைகளும் நின்றுபோகும். ஆகவே அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, வேறு வழியில் கட்ட ஏற்பாடு செய்யுங்கள். வீடு பூட்டிக்கிடக்கிறது என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். ஆளில்லாத வீட்டுக்குப் பல பாலிசிகளில் தனி நிபந்தனை உண்டு. வண்டியை இனி யார் ஓட்டலாம் என்று கேட்டு உறுதிசெய்யும்வரை எடுக்க வேண்டாம்.