மக எகாலஜி படிக்கணும்ங்குறா, அனுப்பலாமா?

கேள்வி: எங்க ஊரு சேரம்பாடி பக்கம், கொஞ்சம் நடந்தா கேரளா. நானும் வீட்டுக்காரரும் எஸ்டேட்ல கொழுந்து எடுக்குறோம். மக பிஎஸ்சி பாட்டனி கடைசி வருஷம், எகாலஜில, அதான் சூழலியல்ல, பிஎச்டி வரைக்கும் போகணும்னு நிக்குறா. சொந்தக்காரங்க பி.எட் போடுங்குறாங்க. இதுல அப்டி என்ன வேலை, எத்தன வருஷம் ஆகும், சம்பளம் வருமா?

பதில்: அக்கா, கஷ்டத்த மொதல்ல சொல்லிடறேன். எம்எஸ்சி ரெண்டு வருஷம், பிஎச்டி அஞ்சாறு வருஷம், அது முடிஞ்சும் நிரந்தர வேலை உடனே வராது, போஸ்ட்டாக் (பிஎச்டிக்கு அப்புறம் செய்யுற தற்காலிக ஆராய்ச்சி வேலை), ப்ராஜெக்ட்னு ஊர் ஊரா ஒப்பந்தத்துல ஓடணும். நான் முடிச்ச புதுசுல ஒரு இடத்துல மூணு மாசம் ஸ்டைபண்டே வரல, வளையல அடகு வச்சுதான் வாடகை குடுத்தேன். ஆனா சிஎஸ்ஐஆர் நெட்டுங்குற தேசியத் தேர்வு எழுதி ஜேஆர்எஃப்ங்குற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கிட்டா பிஎச்டில மொத ரெண்டு வருஷம் மாசம் 37,000, அப்புறம் 42,000. படிக்குற காலத்துல உங்க கைய எதிர்பாக்க வேண்டாம்.

வேலை என்னன்னா, செடி பேரு சொல்றதோட முடியாது. உங்களுக்குப் பக்கத்துல முதுமலையவே எடுத்துக்கோங்க, கூடலூர் பக்கம் மழை கொட்டும், மசினகுடி பக்கம் காஞ்சு கெடக்கும், தீ வரும், யானை ஒடிக்கும், உண்ணிச்செடி மண்டிக்கும், இப்ப மஞ்சக்கொன்னையும் சேந்துக்கிச்சு, இதெல்லாம் ஒண்ண ஒண்ணு எப்டி இழுக்குதுன்னு பாக்குறதுதான் வேலையே. அங்க 1988ல பெங்களூரு ஐஐஎஸ்சி (இந்திய அறிவியல் கழகம்)காரங்க 50 ஹெக்டேர் காட்ட அளந்து, ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு மேல இருந்த ஒவ்வொரு மரத்துக்கும் நம்பர் போட்டாங்க, அன்னைல இருந்து எது செத்துச்சு, எது புதுசா மொளச்சுச்சுன்னு திரும்பத் திரும்பப் போயி எண்ணிட்டே இருக்காங்க. ஒரு வருஷக் கணக்குல ஒண்ணும் புரியாதுக்கா, முப்பது வருஷம் சேந்தாதான் காடு எந்தப் பக்கம் போகுதுன்னு தெரியும், எனக்கு இந்தத் துறைல ரொம்பப் பிடிச்சதே இந்தப் பொறுமைதான். அந்தக் கணக்கெடுப்ப முன்ன நின்னு நடத்துன ராமன் சுகுமார் சென்னைக்காரர், அவரும் பாட்டனி எம்எஸ்சி படிச்சவர்தான், அப்புறம் அதே ஐஐஎஸ்சில யானையப் பத்தி பிஎச்டி பண்ணுனார்.

பாப்பாவுக்கு கணக்குன்னா பயமான்னு கேளுங்க. நெறைய புள்ளைங்க காட்டுல நல்லா நடக்கும், புள்ளியியல் வந்தா திணறிடும். புள்ளியியல் கணக்குப் போடுற ஆர் (R)ங்குற சாப்ட்வேர் இலவசம்தான், இப்பவே ஆரம்பிக்கட்டும். உங்க எஸ்டேட் ஆபீஸ்ல பழைய மழைக் கணக்கு நோட்டு இருந்தா கேட்டு வாங்கி, மாசம் மாசமா அந்த சாப்ட்வேர்ல ஏத்திப் பாக்கட்டும், வெளியூர்ப் புள்ளைங்களுக்கு அந்த மாதிரி நோட்டு எங்க கெடைக்கும்?

பி.எட் ரெண்டு வருஷம் கழிச்சும் படிக்கலாம். எம்எஸ்சிக்கு புதுச்சேரி பல்கலைக்கழகத்தப் பாக்கச் சொல்லுங்க, அதுக்கு சியுஇடி பிஜிங்குற நுழைவுத் தேர்வு எழுதணும், டிசம்பர்ல இருந்தே அறிவிப்பு வருதான்னு பாத்துட்டே இருக்கட்டும்.