குரூஸர் பைக் வாங்கினால் இடுப்புவலி குறையுமா?

கேள்வி: காவேரிப்பட்டணத்திலிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு வாரத்தில் நான்கு நாள்கள் 150 சிசி பைக்கில் போய்வருகிறேன். உயரம் ஐந்தே கால் அடி. வீடு திரும்பும்போது இடுப்பு கடுக்கிறது. குரூஸர் வாங்கச் சொல்கிறார்கள் நண்பர்கள். அதில் அப்படி என்ன இருக்கிறது? எனக்குச் சரிவருமா?

பதில்: தாழ்வான இருக்கையில் கால்களை முன்னே நீட்டி, சற்றுச் சாய்ந்து அமர்ந்து ஓட்டும் வகை பைக்கைத்தான் குரூஸர் என்கிறார்கள். அதை விரும்புவோர் பெரும்பாலும் முதலில் சொல்லும் காரணம் இருக்கையின் உயரம்தான். ஒரே வகை எஞ்சினைக் கொண்ட இரண்டு ராயல் என்ஃபீல்டு வண்டிகளில், கிளாசிக் 350-இன் இருக்கை 805 மி.மீ. உயரத்திலும் குரூஸரான மீட்டியார் 350-இன் இருக்கை 765 மி.மீ. உயரத்திலும் அமைந்துள்ளன. இன்னொரு குரூஸரான பஜாஜ் அவெஞ்சர் 220 குரூஸில் இது 737 மி.மீ. மட்டுமே. 191 கிலோ எடையுள்ள மீட்டியாரைக் கிருஷ்ணகிரி ரவுண்டானா நெரிசலில் நிறுத்தி நிறுத்தி ஓட்ட வேண்டியிருக்கும்போது, நுனிக்காலில் தாங்குவதற்கும் இரு பாதங்களையும் முழுமையாக ஊன்றி நிற்பதற்கும் உள்ள வேறுபாடு உங்கள் உயரத்தில் இருப்பவருக்கு நன்றாகவே தெரியும்.

அடுத்தது எஞ்சினின் குணம். மீட்டியாரின் சிலிண்டர் விட்டம் 72 மி.மீ., பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம் 85.8 மி.மீ. இவ்வாறு விட்டத்தைவிட நகர்வு நீளமாக இருப்பதால், எஞ்சினை அலறவிடாமலேயே இழுவை கிடைக்கிறது; அந்த இழுவையின் (டார்க்) உச்சமான 27 நியூட்டன் மீட்டர், எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 முறை சுழலும்போதே வந்துவிடும். குருபரப்பள்ளியைத் தாண்டிச் சூளகிரி வழியாக ஓசூரை நோக்கி ஏறிச் செல்லும் சாலையில், லாரியை முந்தும் ஒவ்வொரு முறையும் கியரைக் குறைக்க வேண்டிய தேவை இதனால் குறைகிறது. இரு சக்கரங்களுக்கும் இடையிலான நீண்ட இடைவெளி நேர்ச்சாலையில் வண்டியை அலைபாயாமல் வைத்திருக்கும். அதே நீளம் குறுகிய தெருவில் வண்டியைத் திருப்பும்போது தொல்லையாகவும் மாறும்.

இனி இடுப்புக்கு வருவோம். "சாய்ந்து உட்கார்ந்தால் வலிக்காது" என்ற நம்பிக்கை பாதிதான் சரி. குரூஸரில் மணிக்கட்டிலும் கழுத்திலும் பாரம் குறையும் என்பது உண்மை. ஆனால் கால்கள் முன்னே நீண்டிருப்பதால் இடுப்பெலும்பு பின்பக்கம் சரிந்து, முதுகின் இயல்பான வளைவு தட்டையாகி, உடலின் எடை வால் எலும்பின் மேல் இறங்குகிறது. சாதாரண பைக்கில் பள்ளத்தைக் கண்டதும் ஃபுட்ரெஸ்ட்டில் அழுத்தி உடலைச் சற்றே தூக்கிக்கொள்வீர்கள் அல்லவா, குரூஸரில் அது எளிதில் முடியாது. அடி முழுவதும் முதுகுத்தண்டுக்கே போகும். ஆகவே தேசிய நெடுஞ்சாலையில் இதமாக இருக்கும் அதே வண்டி, வேகத்தடைகள் நிறைந்த ஊர்ச்சாலையில் உங்கள் வலியைக் கூட்டவும் கூடும்.

உங்கள் பயணத்தின் பெரும்பகுதி நெடுஞ்சாலை என்பதால் குரூஸர் பொருந்தும் என்றே கருதுகிறேன். கால்களை அதிகம் நீட்டவைக்கும் அவெஞ்சரைவிட, மிதமாக நீட்டவைக்கும் மீட்டியார் உங்களுக்கு ஏற்றது. 650 சிசி பக்கம் போக வேண்டாம். ராயல் என்ஃபீல்டின் 650 சிசி குரூஸரான சூப்பர் மீட்டியாரின் எடை 241 கிலோ. மேலும் 2025 செப்டம்பரிலிருந்து 350 சிசி வரை 18 சதவீதமாக உள்ள ஜிஎஸ்டி, அதற்கு மேல் 40 சதவீதமாகிவிடுகிறது. வலி தொடைக்கோ காலுக்கோ இறங்கினாலும், கால் மரத்துப்போனாலும் பைக்கை மாற்றுவதற்கு முன் எலும்பு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

ஷோரூம் வாசலில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு முன்பணம் கட்டாதீர்கள். வண்டியில் அமர்ந்தபடி காலால் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள், ஹேண்டில்பாரை முழுவதும் திருப்பும்போது முழங்கை இறுகி நீள்கிறதா என்று கவனியுங்கள். பிறகு குறைந்தது அரை மணி நேரமாவது ஓட்டக் கேளுங்கள். அதில் வேகத்தடைகள் உள்ள ஒரு சாலையும் இருக்கட்டும், வழக்கமாகப் பின்னால் அமர்பவரும் உடன் வரட்டும்.