ஹிட் பாட்டைப் பாடாமல் மேடையை விட்டு இறங்கலாமா?

கேள்வி: பெரிய ராக் குழுவின் கச்சேரிக்குக் கையைக் கடிக்கிற விலையில் டிக்கெட் எடுத்துப் போகிறோம். எல்லாருக்கும் தெரிந்த அந்த ஒரு பாட்டை வாசிக்காமலே முடித்துவிடுகிறார்கள். இது ரசிகனை ஏமாற்றுவது இல்லையா?

என்ன கச்சேரி என்று சொல்லி டிக்கெட் விற்றார்கள் என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். பழைய பாட்டுகளின் கொண்டாட்டம் என்று விளம்பரம் செய்துவிட்டு, யாருக்கும் பழகாத புது ஆல்பத்தை மூச்சு விடாமல் வாசித்தால் உங்கள் கோபம் நியாயமானது. புது ஆல்பத்தின் பெயரையே டூருக்கும் வைத்து அதையே வாசித்தால் குழுவின் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். அறுபதுகளிலிருந்தே பாடிவரும் அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் 2021-இல் தொடங்கிய டூர் அப்படிப்பட்டது. 'ரஃப் அண்ட் ரவுடி வேஸ்' என்று ஆல்பத்தின் பெயரையே சூட்டி, கிட்டத்தட்ட அந்த ஆல்பம் முழுவதையும் இரவுக்கு இரவு வாசித்தார். அங்கே போய் அறுபதுகளின் பாட்டு எங்கே என்று கேட்டவர்கள் போஸ்டரைப் படிக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றும்.

இதற்கு நேர் எதிரான கதை ரிக்கி நெல்சனுடையது. ஐம்பதுகளில் பதின்ம வயது நட்சத்திரமாக இருந்த அமெரிக்கப் பாடகர். 1971 அக்டோபரில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பழைய ராக் அண்ட் ரோல் ஆட்களைத் திரட்டி ஒரு கச்சேரி வைத்தார்கள். சக் பெர்ரி, போ டிட்லி எல்லாரும் இருந்த மேடை. கூட்டம் வந்ததே பழைய நாட்களைத் தேடித்தான். நெல்சன் நீளமாக வளர்த்த முடியும் புது பாணி உடையுமாக வந்தார். சில பழைய பாட்டுகளைப் பாடிவிட்டு, அறுபதுகளில் வந்த ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பாட்டு ஒன்றுக்குத் தாவினார். கூச்சல் கிளம்பியது. அந்த நேரத்தில் போலீஸ் யாரையோ வெளியேற்றியதுதான் கூச்சலுக்குக் காரணம் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. எது எப்படியோ, அவர் அதைத் தனக்கான கூச்சலாகவே எடுத்துக்கொண்டார். அடுத்த வருஷமே அந்த இரவைப் பற்றி 'கார்டன் பார்ட்டி' என்று ஒரு பாட்டு எழுதினார். அது அமெரிக்கத் தரவரிசையில் 6-ஆம் இடம் வரை ஏறியது. அவருடைய கடைசிப் பெரிய ஹிட்டும் அதுதான்.

எனக்கு நெல்சன் மேல் அனுதாபம் உண்டு. ஆனால் அந்தக் கூட்டத்தைத் திட்டவும் மனம் வரவில்லை. அவர்களை வரவழைத்த அழைப்பே 'பழசு' என்றுதான் இருந்தது. புதுசைப் பாட நினைத்தவர் வேறு மேடையைத் தேர்ந்திருக்கலாம்.

கூட்டம் என்று ஒருமையில் சொல்கிறோமே, அங்கேதான் சிக்கலே. இருபதாயிரம் பேர் நிற்கும் அரங்கில் பாதிப் பேர் அந்தக் குழுவை வாழ்நாளில் ஒரே ஒரு தடவை பார்க்க வந்திருப்பார்கள். அவர்களுக்கு நாலைந்து பாட்டுதான் தெரியும். அது வந்தால் போதும். மேடைக்கு முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் ஊர் ஊராகப் பின்தொடர்ந்து வருகிறவர். அவருக்கு அந்த நாலைந்தும் சலித்துப்போய் வருஷக்கணக்கு ஆகிறது. இசைத்தட்டின் பின்பக்கத்தில் வந்து அதிகம் பிரபலமாகாத 'பி சைட்' பாட்டு ஒன்றை வாசித்தால் இவர் கண்ணீர் விடுவார், பின்வரிசை பாத்ரூமுக்குக் கிளம்பும். ஒரே டிக்கெட்டை வாங்கிய இந்த இரண்டு பேரையும் ஒரே பாட்டுப் பட்டியலால் திருப்திப்படுத்த முடியாது. இணையத்தில் சத்தமாகப் பேசுவது முன்வரிசை ஆள். அதனால்தான் 'எப்போதும் அதே பாட்டுதானா' என்ற புகாரே நம் காதில் அதிகம் விழுகிறது.

சரி, ரசிகனே தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டால் என்ன ஆகும்? மெட்டாலிகா என்ற ஹெவி மெட்டல் குழு 2014-இல் அதைச் செய்து பார்த்தது. டிக்கெட் வாங்கியவர்கள் ஓட்டுப் போட்டுப் பட்டியலை முடிவு செய்யலாம். அபூர்வப் பாட்டுகள் கொட்டும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். ஊருக்கு ஊர் மேலே வந்தவை பெரும்பாலும் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' வகையறா, எல்லாருக்கும் தெரிந்த எண்பதுகளின் பாட்டுகளே. ஓட்டு என்று வந்துவிட்டால் பின்வரிசைதான் ஜெயிக்கும். அதே குழு 2023 டூரில் வேறு வழி கண்டுபிடித்தது: பெரும்பாலான ஊர்களில் இரண்டு இரவு, முதல் இரவில் வாசித்த எதுவும் இரண்டாம் இரவில் வராது. அதற்கு இரண்டு டிக்கெட் வாங்க வேண்டும் என்பது தனிக் கதை.

பட்டியலை மாற்றுவதே லேசான வேலை என்று பலர் நினைக்கிறார்கள். பெரிய அரங்குகளில் விளக்கு, திரையில் ஓடும் வீடியோ, நெருப்பு எல்லாமே பாட்டோடு பொருத்தி முன்கூட்டியே அமைக்கப்பட்டவை. டிரம்மர் காதில் ஓடும் 'க்ளிக்' என்ற தாள ஒலியை வைத்துத்தான் பல குழுக்களில் இதெல்லாம் நகரும். திடீரென்று ஒரு பழைய பாட்டைச் செருகினால் வாசிப்பவர்கள் சமாளித்துவிடுவார்கள், விளக்குப் பலகையில் இருப்பவர் விழிப்பார். இன்னொன்று தொண்டை. இருபத்தைந்து வயதில் பதிவு செய்த உச்ச ஸ்தாயியை அறுபத்தைந்தில் இரவுக்கு இரவு எட்ட முடியாது. கிட்டாரை அரை ஸ்வரம் இறக்கி ஸ்ருதி வைப்பார்கள், கடினமான இரண்டு பாட்டை அடுத்தடுத்து வைக்க மாட்டார்கள், சிலதை ஓசைப்படாமல் கைவிடுவார்கள். உங்கள் பிரியப்பட்ட பாட்டு காணாமல் போனதற்குப் பல நேரம் காரணம் திமிர் இல்லை, பாடகரின் வயது.

இரவுக்கு இரவு மாற்றுகிற குழுக்கள் உண்டு. ஆனால் அவர்கள் ஆரம்பத்திலிருந்தே அதற்காகவே தங்களைக் கட்டிக்கொண்டவர்கள். கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்கக் குழுவின் ரசிகர்கள் அதன் பின்னாலேயே அலைந்ததும், பதிவு செய்த டேப்புகளை மாற்றிக்கொண்டதும் எந்த இரவும் இன்னொரு இரவு மாதிரி இருக்காது என்பதால்தான். ஃபிஷ் குழு 2017-இல் அதே மேடிசன் ஸ்கொயர் கார்டனில் 13 இரவுகள் வாசித்தது, ஒரு பாட்டைக்கூடத் திரும்ப வாசிக்காமல். மலைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே 'அந்த ஒரு ஹிட்' என்று கேட்க யாரும் வருவதில்லை, குழுவுக்கு அப்படியொன்று பெரிதாகக் கிடையவும் கிடையாது.

இப்படிப் பழக்கிவிட்டால் அதுவே பிறகு வினையாகும். அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், கூட்டத்தில் ரசிகர்கள் தூக்கிப் பிடிக்கும் அட்டைகளைப் பார்த்து, அதில் எழுதியிருக்கும் பாட்டை அங்கேயே வாசித்தவர். 2012-இல் ஹெல்சிங்கியில் நாலு மணி நேரத்தைத் தாண்டி வாசித்தார். 2023 டூரில் பட்டியல் பெரும்பாலும் மாறாமல் இருந்தபோது பழைய ரசிகர்கள் முணுமுணுத்தார்கள். வேறு எந்தக் குழு அதே பட்டியலோடு அதே நீளத்துக்கு வாசித்திருந்தாலும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருப்பார்கள்.

வேண்டுமென்றே மறுக்கிறவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். ரேடியோஹெட் குழு தன் முதல் பெரிய ஹிட்டான 'க்ரீப்' பாட்டைப் பல வருஷம் அபூர்வமாகத்தான் வாசித்தது. 2016 டூரில் மறுபடி எடுத்தபோது அரங்கம் அதிர்ந்தது. அந்த இடைவெளி இல்லாவிட்டால் அந்த அதிர்வும் இருந்திருக்காது, அதனால் எனக்கு இதில் புகார் இல்லை. நிர்வாணா குழு 1992-இல் அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸில் செய்தது வேறு ரகம். முதலில் வாசித்த பெண்கள் குழுவைக் கூட்டம் பொருட்களை வீசி விரட்டியது. கோபத்தில் நிர்வாணாவின் பாடகர் கர்ட் கோபேன் அவர்களுடைய மிகப் பெரிய ஹிட்டான 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' தொடக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக் காட்டி நிறுத்தினார். பாட்டைக் கடைசிவரை தரவில்லை. அந்தக் கூட்டத்தில் ஒழுங்காக நின்ற அப்பாவி ரசிகனை நினைத்தால் பாவமாக இருக்கிறது. இருந்தாலும் அன்றைக்கு நான் கோபேன் பக்கம்தான்.

'பாட்டு வந்தது, ஆனால் ரெக்கார்டில் இருக்கிற மாதிரி இல்லை' என்ற இன்னொரு புகாரும் உண்டு. அதில் எனக்குத் துளிகூட உடன்பாடு இல்லை. ரெக்கார்ட் வீட்டிலேயே இருக்கிறது.

நீங்கள் அடுத்த கச்சேரிக்கு டிக்கெட் எடுக்குமுன் ஒரு வேலை செய்யலாம். டூர் தொடங்கி முதல் இரண்டு மூன்று ஊர் முடியட்டும். செட்லிஸ்ட்.எஃப்எம் தளத்தில் அன்றன்றைக்கு வாசித்த பாட்டுகளை ரசிகர்களே ஏற்றிவிடுவார்கள். உங்கள் பாட்டு மூன்று இரவிலும் இருந்தால் பெரும்பாலும் உங்கள் ஊரிலும் வரும். மூன்றிலும் இல்லையென்றால், அது இல்லாமலும் அந்தக் குழுவை இரண்டு மணி நேரம் கேட்க ஆசையா என்று யோசித்துவிட்டு வாங்குங்கள். முன்பதிவிலேயே எல்லாம் விற்றுத் தீர்ந்துவிடும் குழுக்களுக்கு இந்த வழி உதவாது. அங்கே டூரின் பெயரையும் போன டூரின் பட்டியலையும் பார்த்து ஊகிப்பதுதான் மிச்சம்.