மருத்துவமனை வேலை: சம்பளமும் மனசும்

வேலூரில் செவிலியர் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற அம்மையார், மருத்துவமனை ஊழியர்களின் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.

சம்பளம் உயர்ந்தும் வேலையில் மனம் ஒட்டவில்லையே, அம்மா? (செவிலியர், காட்பாடி)

சம்பளம் புலம்பலைக் குறைக்கும், அவ்வளவுதான். சம்பளமும் பணிச்சூழலும் மோசமானால் அதிருப்தி வரும். அவை சரியானாலும் மனநிறைவு வந்துவிடாது, அதற்குப் பொறுப்பும் அங்கீகாரமும் வேண்டும் என்று 1959-இல் அமெரிக்க உளவியலாளர் ஹெர்ஸ்பர்க் எழுதினார். வார்டில் இதைத் தினமும் பார்க்கலாம். விடியற்காலையில் நோயாளிக்குச் சர்க்கரை இறங்கியதைக் கவனித்து, டாக்டரை எழுப்பியவர் நைட் டூட்டி செவிலியர். காலை ரவுண்ட்ஸில் அதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. கேஸ் ஷீட்டில் விட்டுப்போன ஒரு கையெழுத்துக்கு மட்டும் பத்துப் பேர் முன்னால் விசாரணை! ராஜினாமாக் கடிதம் அன்றைக்குத்தான் மனதில் எழுதப்படுகிறது. கையில் கிடைக்க மாதங்கள் ஆகலாம்.

பத்து வருடமாக இருப்பவரை நிர்வாகம் முழுமையாக நம்பலாமா? (மனிதவள அலுவலர், ராணிப்பேட்டை)

அவசரப்படாதீர்கள், தம்பி. மேயர், ஆலன் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 1991-இல் பணிப்பற்றை மூன்றாகப் பிரித்தார்கள்: பிடித்துப்போய் இருப்பது, போனால் நஷ்டம் என்று இருப்பது, கடமைப்பட்டிருக்கிறோம் என்று இருப்பது. குடியாத்தத்தில் வீட்டுக் கடன், பிள்ளைக்கு நடுவில் பள்ளி மாற்ற முடியாது என்பவர் இரண்டாம் வகை. மூன்றாம் வகை இந்த ஊருக்குப் பழகியது. அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு மருத்துவமனை தொடங்கி, 1909-இல் செவிலியர் பள்ளியும் திறந்த ஊர். படிக்க வைத்த இடத்துக்கே உழைப்பது இங்கே பழைய வழக்கம். வருகைப் பதிவேட்டில் மூவருக்கும் ஒரே கையெழுத்துதான். யார் எந்த வகை என்று அறிய, புதிதாக வந்த பெண்ணுக்கு யார் தானாகப் போய் வேலை சொல்லித் தருகிறார் என்று பாருங்கள்.

அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டால் ஊழியர்கள் ஓடமாட்டார்கள்தானே? (பெயர் வேண்டாம்)

உடம்பு ஓடாது. அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எனக்கு வங்காளம் தெரியும் என்பதால் எல்லா வார்டிலிருந்தும் கூப்பிடுகிறார்கள். சலித்துவிட்டது. (வரவேற்புப் பிரிவு, வேலூர்)

கூப்பிடாமல் என்ன செய்வார்கள்? கொல்கத்தா பக்கமிருந்து ரயில் ரயிலாக வருகிறார்களே! ஆனால் மொழிபெயர்ப்பு உங்கள் பணிப் பட்டியலில் இல்லை. அதனால் அதைச் செய்த நேரம் வேலையாகவே கணக்காவதில்லை. ஒரு மாதம், எந்த வார்டு, எவ்வளவு நேரம் என்று நோட்டில் குறித்து, மேலாளரிடம் எழுத்தில் கொடுங்கள். அதற்குத் தனிப் படித்தொகை கேளுங்கள், கிடைக்காவிட்டால், அந்த நேரத்துக்குக் கவுண்டரில் மாற்று ஆள் கேளுங்கள்.