பாதியில் நின்று பேசுவது

அன்புள்ள அம்மா,

பதினோரு வருடமாக பெங்களூரில் இருக்கிறேன். ஐடி வேலை, மாரத்தஹள்ளியில் வீடு. இந்த ஜனவரியில், படித்த புத்தகங்களைக் கணக்கு வைக்கும் குட்ரீட்ஸ் தளத்தில், வருடத்துக்கு 52 புத்தகம் என்று இலக்கு வைத்தேன். அக்டோபர் முடியப்போகிறது, 34தான் ஆகியிருக்கிறது. ஒன்பது புத்தகம் பின்தங்கியிருப்பதாகத் திறக்கும்போதெல்லாம் காட்டுகிறது. சனிக்கிழமை காலைகளில் கப்பன் பார்க்கில் படிக்கப் போய்ப் பழக்கமான ஐந்து பேர் சேர்ந்து மாதம் ஒரு கிளாசிக் நாவல் படித்து விவாதிக்கிறோம். இந்த மாதம் டால்ஸ்டாயின் 'அன்னா கரீனினா'. மூன்றாம் பாகத்தில் லெவின் என்ற பண்ணைக்காரன் புல் அறுக்கிற இடத்தில் மூன்று வாரமாக நிற்கிறேன். லெவின் வரும் அத்தியாயங்களைத் தாண்டிவிட்டு அன்னாவின் கதையை மட்டும் படித்தால் போதும் என்கிறான் ஒரு நண்பன். அவன் அப்படித்தான் முடித்தான். அப்படிச் செய்யலாமா? ஆடியோபுக்கில் ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்டால் படித்த கணக்கில் வருமா? டிசம்பருக்குள் எண்ணிக்கையை எட்ட, மெலிதான நல்ல நாவல்கள் பத்து சொல்வீர்களா? புத்தகத்தை முடிக்காமல் விவாதத்துக்குப் போகக் கூச்சமாக இருக்கிறது. போன சனிக்கிழமை நான் போகவில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்,

உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முடிக்காததால் பேசப் போகவில்லை என்கிறீர்களே, அதைப் படித்ததும் மனசு கஷ்டப்பட்டது. கொஞ்ச நாளாக நான் யோசித்துக்கொண்டிருப்பதும் இதைத்தான்.

மற்றதை முதலில் முடித்துவிடுகிறேன். காதால் கேட்பதும் படிப்பதுதான். ஒருவர் வாசிக்க நாலு பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டுத்தான் நம் வீடுகளில் தொடர்கதைகள் வளர்ந்தன. வேகத்தை மட்டும் கூட்டாதீர்கள். 52 என்ற இலக்கின் மேலும் எனக்குக் கோபம் இல்லை. கல்லூரி முடித்த பிறகு புத்தகமே தொடாத எத்தனையோ பேர் இப்படி ஒரு எண்ணை வைத்துக்கொண்டு படிக்கத் திரும்பியிருக்கிறார்கள், அது நல்ல விஷயம். மெலிதான நாவல்களின் பட்டியலை மட்டும் தரமாட்டேன். நல்ல குறுநாவல்கள் தமிழில் நிறைய இருக்கின்றன. எண்ணிக்கையை நிரப்ப அவற்றை எடுப்பது அவற்றுக்கும் மரியாதை இல்லை, உங்களுக்கும் இல்லை.

இப்போது லெவின். தம்பி, அந்த மனிதன் உங்களுக்கு என்ன கெடுதல் செய்தான்? முதல் பாகத்தில் அவன் தான் காதலிக்கும் கிட்டியிடம் போய் நின்று அவமானப்பட்டுத் திரும்பியபோது உங்களுக்கு அவன்மேல் இரக்கம் வந்திருக்கும். மூன்றாம் பாகத்தில் அதே ஆள் அரிவாளை எடுத்துக்கொண்டு குடியானவர்களோடு வயலில் இறங்கும்போது மட்டும் ஏன் எரிச்சல்? அவன் உங்கள் எண்ணிக்கையைத் தாமதப்படுத்துகிறான், அதுதான் காரணம். ஒரு நாவலில் வருகிற ஆள்மேல், அவன் நம் கணக்குக்குக் குறுக்கே நிற்கிறான் என்பதற்காக வெறுப்பு வந்தால், அந்தக் கணக்கைத்தான் தூக்கிப் போட வேண்டும்.

அந்த இடத்தை இன்னொரு முறை படியுங்கள். முதலில் அவனுக்குக் கை வரவில்லை. முன்னால் போகிறவனின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறுகிறான். எப்போது நிறுத்துவார்களோ என்று தவிக்கிறான். பிறகு ஒரு கட்டத்தில் நேரமே மறந்துபோகிறது. எவ்வளவு நேரம் அறுத்தோம் என்று கேட்டால் சொல்ல முடியாத நிலைக்கு வருகிறான். மதியம் ஒரு கிழவரோடு உட்கார்ந்து அவருடைய ரொட்டியைப் பகிர்ந்து சாப்பிடுகிறான். இந்தப் பக்கங்களில் கதை நகரவில்லை என்று உங்கள் நண்பர் சொல்லக்கூடும். வேலையில் கரைந்துபோவது எப்படி இருக்கும் என்று நமக்கு உடம்பில் தெரிகிறதே, அது போதாதா? அன்னாவின் வாழ்க்கையில் இல்லாதது என்ன என்று அந்தப் பக்கங்களைப் படித்தவருக்குத்தான் புரியும்.

இன்னொன்று. சொல்லலாமா என்று யோசித்தேன், சொல்லிவிடுகிறேன். 239 அத்தியாயம் உள்ள அந்த நாவலில் லெவினும் அன்னாவும் நேருக்கு நேர் சந்திப்பது ஒரே ஒரு முறைதான். ஏழாம் பாகத்தில். அதுவரை இரண்டு வாழ்க்கையும் தனித்தனியாக ஓடுகின்றன. லெவினைத் தாண்டிவிட்டுப் போன உங்கள் நண்பர் அந்த அறைக்குள் நுழையும்போது, முன்பின் தெரியாத யாரோ ஒருவர் அன்னாவைப் பார்க்க வந்திருக்கிறார் என்றுதான் அவருக்குத் தோன்றியிருக்கும்.

சரி, விவாதத்துக்கு வருகிறேன். 'அன்னா கரீனினா' 1875 முதல் 1877 வரை ஒரு ரஷ்யப் பத்திரிகையில் தொடராக வந்தது. நடுவில் மாதக்கணக்கில் இடைவெளி விழுந்தது. எட்டாம் பாகத்தை வெளியிடப் பத்திரிகை ஆசிரியர் கத்கோவ் மறுத்துவிட்டதால் டால்ஸ்டாய் அதைத் தனிப் புத்தகமாக அச்சிட்டார். அந்த வருடங்களில் அந்த நாவலைப் பற்றிப் பேசிய எல்லோரும் பாதியில் நின்றுதான் பேசினார்கள். முடித்தவர் என்று ஒருவர்கூடக் கிடையாது. எழுதியவரே முடித்திருக்கவில்லை. ஜார்ஜ் எலியட்டின் 'மிடில்மார்ச்' 1871 டிசம்பரில் தொடங்கி எட்டுப் பகுதிகளாக ஒரு வருடம் வந்தது. நம் ராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 1895 வரை விவேக சிந்தாமணியில் வந்தது. 'பொன்னியின் செல்வன்' 1950இல் தொடங்கி 1954 வரை. நீங்கள் ஒரு மாதத்துக்குள் முடித்துவிட்டு வந்து உட்கார வேண்டும் என்று விதி வைத்திருக்கும் பெரிய நாவல்களில் எத்தனையோ, வருடக்கணக்கில் அரைகுறையாகப் பேசப்பட்டுத்தான் கிளாசிக் ஆயின.

இதை நான் வீட்டில் பார்த்திருக்கிறேன். அப்பா ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அல்சூரில் வீடு. காலையில் தொழிற்சாலை பஸ் வரும், பழைய மெட்ராஸ் ரோடு வழியாக தூரவாணிநகர் போகும். அதில் அப்பாவுக்குப் பக்கத்து சீட்டில் வருகிறவர் குந்தாபுரத்துக்காரர். கன்னடத்தில் நிறையப் படிக்கிறவர். அவர்தான் சிவராம காரந்தின் 'மரளி மண்ணிகெ' பற்றி அப்பாவிடம் சொன்னார். அப்பாவுக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. சித்தலிங்கையாவின் தமிழாக்கத்தில் அது 'மண்ணும் மனிதரும்' என்று கிடைத்தது. தமிழ்ச் சங்க நூலகத்திலிருந்து எடுத்து வந்தார். தான் எப்போதோ படித்து முடித்த நாவலை அந்த மனிதர் அப்பாவுக்காகத் திரும்ப ஆரம்பித்தார். ஒருவர் கையில் கன்னடம், இன்னொருவர் கையில் தமிழ். "எங்கே வரைக்கும் வந்தீங்க?" என்று கேட்டுக்கொண்டுதான் பஸ்ஸில் உட்காருவார்களாம்.

மூன்று தலைமுறைக் கதை அது. கடலோரக் கிராமம். ராம ஐதாளர் புரோகிதம் பார்ப்பார். வயலிலும் வீட்டிலும் உழைத்து அந்தக் குடும்பத்தைத் தாங்குகிறவர்கள் இரண்டு பெண்கள். ஒருத்தி அவர் மனைவி பாரோதி, இன்னொருத்தி அவருடைய விதவைச் சகோதரி சரசோதி. பாரோதிக்குப் பிள்ளை இல்லை. ஐதாளர் இரண்டாம் கல்யாணம் செய்துகொள்கிறார். அப்பாவும் அவர் நண்பரும் அந்த இடத்திலேயே ஒரு வாரத்துக்கு மேல் நின்றுவிட்டார்கள். ஐதாளர் செய்தது அந்தக் காலத்து நியாயம் என்பது அப்பாவின் கட்சி. நண்பர் ஒத்துக்கொள்ளவில்லை. அவருடைய ஊர்ப் பக்கத்துக் கதை. அந்த வயல்களும் மழையும் அவருக்குத் தெரியும். அந்த இரண்டு பெண்களைப் போல உழைத்துத் தேய்ந்தவர்கள் அவர் வீட்டிலேயே இருந்திருக்கிறார்கள்.

ராத்திரி சாப்பாட்டின்போது அப்பா இதைச் சொல்ல, அம்மா பரிமாறிக்கொண்டே கேட்டாள்: "கட்டிக்கிறதுக்கு முன்னாடி மூத்தவகிட்ட ஒரு வார்த்தை கேட்டாரா?" அப்பாவிடம் பதில் இல்லை. அம்மா அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கம்கூட அதுவரை படித்ததில்லை. மறுநாள் அப்பா குளிக்கப் போயிருந்தபோது அவள் அதைக் கையில் எடுத்ததைப் பார்த்தேன். அதற்குப் பிறகு பஸ்ஸில் நடந்த விவாதத்தில் அம்மாவும் சேர்ந்துகொண்டாள். அவள் கேட்டதை அப்பா காலையில் கொண்டுபோவார், குந்தாபுரத்துக்காரர் சொன்னதை சாயங்காலம் கொண்டுவருவார்.

அவர் ஒரு நாள்கூட மேற்கொண்டு என்ன நடக்கும் என்று சொல்லவில்லை. அதற்காகவே எனக்கு அவர்மேல் இன்றுவரை மதிப்பு. அந்த இரண்டாம் கல்யாணத்தில் பிறக்கிற பிள்ளை எப்படி வளர்கிறான், குடும்பத்தை என்ன செய்கிறான் என்று அவருக்குத் தெரியும். அதை ஒரு வரியில் சொல்லியிருந்தால் அப்பாவின் வாதம் அன்றே விழுந்திருக்கும். சொல்லியிருந்தால் அப்பா தோற்றிருப்பார், யோசித்திருக்கமாட்டார். ஐதாளர் அந்த முடிவை எடுக்கும்போது அவருக்கு நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. அவர் நிற்கும் அதே இடத்தில் நின்றுகொண்டு, அவருக்குத் தெரிந்த அளவே தெரிந்துகொண்டு, சரியா தப்பா என்று பேசினார்கள். புத்தகத்தை மூடியபிறகு பேசுகிறவர்களுக்கு இது முடியாது. எல்லாம் தெரிந்துவிட்ட பிறகு எல்லோரும் நீதிபதி ஆகிவிடுகிறோம். கணவன் இருக்க இன்னொருவனைக் காதலித்த அன்னா செய்தது முட்டாள்தனம் என்று முதல் நிமிடத்திலேயே தீர்ப்பு வந்துவிடும். மூன்றாம் பாகத்தில் அவள் என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கும்போது, உங்களுக்கும் தெரியாது என்ற நிலையில் பேசிப் பாருங்கள். உங்கள் ஐந்து பேரில் அவளுக்காக வாதாட ஒருவராவது கிடைப்பார்.

அதனால்தான் சொல்கிறேன், கப்பன் பார்க் கூட்டத்தில் பேசத் தகுதி உள்ளவர் நீங்கள்தான். முடித்துவிட்டு வந்திருக்கும் உங்கள் நண்பர் அல்ல. அவர் நாவலில் பாதியைத் தாண்டிவிட்டார், மீதிப் பாதியின் முடிவு மட்டும் அவர் கையில் இருக்கிறது. நீங்கள் இன்னும் உள்ளே இருக்கிறீர்கள். கூச்சப்பட்டு வீட்டில் உட்கார்ந்ததற்கு உங்களைத் திட்ட வேண்டும் போலிருக்கிறது. மூன்று வாரம் ஒரு வயலில் நின்ற வாசகனுக்குச் சொல்ல எவ்வளவு இருக்கும்! அலுத்துப்போனது என்றாலும் எந்த வரியில் அலுத்தது என்று போய்ச் சொல்லுங்கள். மற்றவர்களுக்கும் அங்கே அலுத்திருக்கும், வெளியே சொல்லியிருக்கமாட்டார்கள்.

மாதம் ஒரு நாவல் என்ற ஏற்பாட்டையும் மாற்றுங்கள். அது வேலைக்கு ஆகாது. பெரிய நாவல் என்றால் வாரம் ஒரு பகுதி, எல்லோரும் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும், முன்னால் போனவர் வாயைத் திறக்கக் கூடாது. நாலு மாதம் ஆனால் ஆகட்டும். வருடத்துக்கு இப்படி மூன்று நாவல் படித்தாலே பெரிய காரியம்.

கடைசியாக ஒன்று, இதைக் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். நீங்கள் இந்த வருடம் படித்த 34 புத்தகங்களின் பெயர்களையும் கடிதத்தோடு இணைத்திருந்தீர்கள். ரஷ்யா இருக்கிறது, பிரான்ஸ் இருக்கிறது, ஜப்பான் இருக்கிறது. தமிழ் நாவல்கள் நன்றாகவே இருக்கின்றன. பதினோரு வருடமாக எந்த ஊரில் சம்பாதித்துச் சாப்பிடுகிறீர்களோ அந்த ஊர் மொழியிலிருந்து ஒன்றுகூட இல்லை. கன்னடம் படிக்கத் தெரியாது என்று சொல்லாதீர்கள், என் அப்பாவுக்கும் தெரியாது. ரஷ்ய மொழி உங்களுக்குத் தெரியுமா? காரந்த் தமிழில் இருக்கிறார். பைரப்பாவின் 'பருவம்' பாவண்ணன் மொழிபெயர்ப்பில் இருக்கிறது. பாவண்ணன் இதே ஊரில் இருந்துகொண்டு எத்தனையோ கன்னட எழுத்தாளர்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர். உங்கள் அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரரிடம் சிவராம காரந்த் என்று ஒரு பெயரைச் சொல்லிப் பாருங்கள், அவர் உங்களைப் பார்க்கிற பார்வையே வேறாகிவிடும். இந்த ஊரில் நாம் வாடகைக்கு இருக்கிறவர்கள் போலவே காலம் முழுக்க வாழ வேண்டியதில்லை.

ஜனவரியில் உங்கள் கூட்டம் 'மண்ணும் மனிதரும்' எடுக்கட்டும். ஐந்து பேரில் கன்னடம் படிக்கிறவர் யாராவது உண்டா என்று விசாரியுங்கள். இருந்தால் அவர் மூலத்தில் படிக்கட்டும். இல்லையென்றால் ஆறாவதாக ஒருவரைத் தேடிப் பிடியுங்கள், சனிக்கிழமை காலையில் கப்பன் பார்க்கில் அதற்கா பஞ்சம்.

அதுவரைக்கும் லெவினோடு இருங்கள். அவன் மூன்றாம் பாகத்தில் ஒரு ராத்திரி வைக்கோல் போரில் படுத்துக் கிடப்பான், விடியற்காலையில் ஒரு வண்டி வரும். நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து அது ஏழெட்டு அத்தியாயம்தான். அந்த இடம் வந்ததும் எனக்கு எழுதுங்கள். நாவலை முடித்துவிட்டு எழுதலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

அன்புடன்.