டொமாட்டிலோவை ஒற்றைச் செடியாக வைக்காதீர்கள்

"தஞ்சாவூர்ப் பக்கம் வீட்டுத் தோட்டத்தில் டொமாட்டிலோவும் கிரவுண்ட் செர்ரியும் வருமா? காய்த்தால் என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக வரும். இரண்டும் தக்காளிக்குச் சொந்தமான செடிகள், காகிதம் போன்ற உறைக்குள் காய்ப்பவை. திருவையாற்றுப் பக்கம் எங்கள் கொல்லையில் இரண்டும் இருக்கின்றன. ஆனால் முதல் வருடம் ஏமாந்தேன். விதைத்ததில் டொமாட்டிலோ ஒன்றே ஒன்றுதான் தேறியது. இடுப்பளவு வளர்ந்து மஞ்சள் மஞ்சளாகப் பூத்துத் தள்ளியது. ஒரு பிஞ்சுகூட இல்லை. சத்து போதவில்லையோ என்று சாணி எருவாகக் கொட்டினேன், இலைதான் கூடியது. அப்புறம்தான் விஷயம் தெரிந்தது: டொமாட்டிலோ தன் மகரந்தத்தால் தானே காய்க்காது. பக்கத்தில் இன்னொரு செடி வேண்டும், தேனீயும் வர வேண்டும். கிரவுண்ட் செர்ரிக்கு ஒற்றைச் செடியே போதும்.

செடியைப் பார்த்த அம்மா, "நம்ம சொடக்குத் தக்காளிதானே, இதுக்கா காசு கொடுத்து விதை வாங்கினே?" என்றார். பாதி சரி. வரப்பில் தானாக முளைப்பதும், சின்ன வயதில் நெற்றியில் அடித்து 'டப்' என்று உடைத்ததும் இதே குடும்பம்தான். டொமாட்டிலோவின் சொந்த ஊர் மெக்சிகோ.

ஐப்பசி மழையில் நடாதீர்கள். நம் களிமண்ணில் தண்ணீர் நின்றால் வேர் அழுகிவிடும். நான் மார்கழியில் நாற்று விட்டு, தை கடைசியில் மேட்டுப்பாத்தியில் நடுகிறேன். பங்குனிக் கடைசியில் காய் வரும். சித்திரை வெயிலில் பூ கொட்டும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

டொமாட்டிலோவைப் பச்சையாக, காய் உறையை நிறைத்து உறை வெடிக்கும்போது பறிக்க வேண்டும். கிரவுண்ட் செர்ரி பழுத்துத் தானே கீழே விழும். அடியில் வைக்கோல் பரப்பினால் பொறுக்குவது சுலபம். உறை காய்ந்து, உள்ளே பொன்னிறமானதை மட்டும் தின்னலாம். அதன் பச்சைக் காய், இலை, உறை மூன்றும் வேண்டாம்.

டொமாட்டிலோவின் தோலில் ஒரு பிசுக்கு இருக்கும், வெந்நீரில் கழுவினால் போகும். எண்ணெயில் பச்சை மிளகாய், பூண்டோடு வதக்கி அரைத்தால் இட்லிக்கு நல்ல சட்னி. புளி வேண்டவே வேண்டாம், அதுவே அவ்வளவு புளிப்பு. மெக்சிகோக்காரர்களின் பச்சை சல்சாவும் கிட்டத்தட்ட இதுதான். கிரவுண்ட் செர்ரியில் வெல்லம் போட்டுப் பச்சடி செய்யலாம். எங்கள் வீட்டில் இரண்டு தடவைதான் செய்ய முடிந்தது. மற்றதெல்லாம் கொல்லையிலேயே பிள்ளைகள் வாயில் போய்விட்டது.