கார் கியர்பாக்ஸில் ஆயில் கசிகிறது என்பதை எப்படி உறுதி செய்வது? கசிந்தால் என்ன செய்ய வேண்டும்?

காரை நிறுத்தும் இடத்தில் காலையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு எண்ணெய்க் கறை தெரிகிறது, எஞ்சின் ஆயில் அளவு குறையவில்லை, ஆனால் சில நாட்களாக இரண்டாவது கியர் எளிதில் விழ மறுக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் கியர்பாக்ஸைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். என் காரிலும் இதே கோளாறு வந்து, சரியான காரணம் தெரிவதற்குள் நான்கு மாதங்கள் வீணாகிவிட்டன; உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது என்பதற்காகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதல் வேலை, கசிவது எது என்று தெரிந்துகொள்வது. இரவில் காருக்கு அடியில் வெளுத்த அட்டை ஒன்றை விரித்து, முன் சக்கரங்களின் இடத்தை அதில் பேனாவால் குறித்துவையுங்கள். காலையில் நிறமற்ற ஈரம் மட்டும் இருந்தால் அது ஏசியிலிருந்து வடிந்த தண்ணீர். பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ தண்ணீர்போல் ஓடி, இனிப்பு வாடை அடித்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட். கறுத்த பழுப்பு நிறமாக இருந்தால் பெரும்பாலும் எஞ்சின் ஆயில். மேனுவல் கியர்பாக்ஸின் ஆயில் புதிதாக இருக்கும்போது தேன் நிறத்தில் இருக்கும். நாள்பட்டால் பழுப்பேறி, எஞ்சின் ஆயிலைப் போலவே தோன்றும். அப்போது நிறத்தை நம்பாமல் மூக்கை நம்புங்கள். பற்சக்கரங்கள் அழுத்தத்தில் தேயாமலிருக்க கியர் ஆயிலில் கந்தகச் சேர்மங்களைக் கலப்பதால், அதற்கென்று கனத்த நெடி ஒன்று உண்டு. ஒருமுறை முகர்ந்தவருக்கு அது மறக்காது. சக்கரத்தின் உட்புறத்தில் கெட்டியான கறுப்புப் பசை சிதறியிருந்தால் அது கியர் ஆயில் அல்ல. கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் உறை (பூட்) கிழிந்து வெளிவந்த கிரீஸ்.

என் கதைக்கு வருகிறேன். எட்டு வருடம் ஓடிய மேனுவல் காருக்குக் கிளட்ச் பிளேட் மாற்றிய சில வாரங்களில் கறை தோன்றியது. வேலை செய்த பட்டறையில் காட்டியபோது, பழைய வண்டி என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும் என்று சொல்லி ஆயிலை நிரப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் முறையும் அதுவே நடந்தது. மூன்றாவது மாதத்தில் ஐந்தாவது கியரில் மெல்லிய ஊளைச் சத்தம் கேட்கத் தொடங்கியதும் வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் வண்டியை ராம்பில் ஏற்றிப் பார்த்ததும், "சார், இப்பப் பார்த்தா எல்லா இடமும் எண்ணெயாத்தான் இருக்கும், கழுவிட்டு ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வாங்க" என்றார். டீசலும் பிரஷும் கொண்டு கியர்பாக்ஸை முழுவதும் துடைத்தெடுத்த பின் இருபது கிலோமீட்டர் ஓட்டிவந்தேன். டார்ச் அடித்துக் காட்டினார்: இடது டிரைவ் ஷாஃப்ட் கியர்பாக்ஸுக்குள் நுழையும் வாயில், தூசி இன்னும் ஒட்டாத, நூல்போன்ற புதிய ஈரக் கோடு. ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னால் தள்ளிவிடுவதால், சொட்டு விழும் இடமும் கசிவு கிளம்பும் இடமும் ஒன்றாக இருப்பதில்லை என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

கிளட்ச் வேலைக்காக கியர்பாக்ஸை இறக்கும்போது டிரைவ் ஷாஃப்ட்களையும் உருவ வேண்டும். திரும்பச் செருகும்போது ஷாஃப்டின் பல், எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலின் உதட்டைக் கீறிவிட்டால், அங்கிருந்தே கசிவு தொடங்கும். என் காரில் நடந்தது அதுதான். ஆனால் அவர் உடனே சீலை மாற்றிவிடவில்லை. முதலில் ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார். உள்ளே பேரிங் தேய்ந்து ஆட்டம் இருந்தால் புதிய சீலும் விரைவில் ஒழுகும். பிறகு ஷாஃப்டை உருவி, சீல் உராயும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று தேடினார். இரண்டும் இல்லை. சீலின் விலை சில நூறு ரூபாய்தான். வேலை அரை நாளில் முடிந்தது. ஊளைச் சத்தம் மட்டும் இன்றுவரை முழுதாகப் போகவில்லை. குறைந்த ஆயிலில் ஓட்டிய மாதங்களில் பேரிங் ஓரளவு தேய்ந்துவிட்டது.

எஞ்சின் ஆயில் குறைந்தால் பார்க்கக் குச்சி இருக்கிறது, அழுத்தம் போனால் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. பெரும்பாலான மேனுவல் கியர்பாக்ஸ்களில் இரண்டுமே இல்லை. சிறிய கார்களில் மொத்த ஆயிலே ஏறக்குறைய இரண்டு லிட்டர்தான் என்பதால், தினமும் சில சொட்டு என்பதையும் அலட்சியம் செய்யாதீர்கள். அளவைப் பார்க்க, கார் சமதளத்தில் இருக்கும்போது கியர்பாக்ஸின் பக்கவாட்டில் ஆயில் ஊற்றும் துளையை மூடியிருக்கும் ஃபில்லர் பிளக்கைத் திறக்க வேண்டும். ஆயில் பொதுவாகத் துளையின் கீழ் விளிம்புவரை நிற்க வேண்டும். ஆயிலை மாற்றுவதாக இருந்தால் ஃபில்லர் பிளக் கழல்கிறது என்று உறுதிசெய்த பிறகே, ஆயிலை வடிக்கும் அடித்துளையின் டிரெயின் பிளக்கைத் தொடுங்கள். உள்ளதை வடித்துவிட்ட பிறகு மேல் பிளக் இறுகிக் கழலாமல் போனால், ஊற்ற வழியின்றி வண்டி அங்கேயே நின்றுவிடும். டிரெயின் பிளக்கின் வாஷரைப் புதிதாகப் போடுங்கள். காந்தம் உள்ள பிளக்கில் மெல்லிய சாம்பல் நிறச் சாந்து ஒட்டியிருப்பது இயல்பு. இரும்புத் துண்டு இருந்தால் சீலோடு வேலை முடியாது. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் ஒருபோதும் நுழையாதீர்கள்.

எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியிலிருந்து சொட்டினால் விஷயம் பெரிது. எஞ்சினின் சுழற்சியை கியர்பாக்ஸுக்குள் கொண்டுவரும் இன்புட் ஷாஃப்டின் சீலோ எஞ்சினின் பின்புறச் சீலோ போயிருக்கலாம். எண்ணெய் கிளட்ச் பிளேட்டில் பட்டால், ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது எஞ்சின் சீறும், வண்டி வேகம் எடுக்காது. கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும் என்பதால் அப்போதே இரண்டு சீல்களையும் மாற்றிவிடச் சொல்லுங்கள்.

இதைப் படிக்கும் வேறு யாரிடமாவது ஆட்டோமேட்டிக் கார் இருந்தால், நான் இன்னும் கண்டிப்பாகச் சொல்வேன். அதில் ஆயில் உராய்வைக் குறைப்பது மட்டுமல்லாமல், அழுத்தத்தைக் கடத்தி வண்டியை நகர்த்தும் வேலையையும் செய்கிறது. அதன் ஆயில் பெரும்பாலும் சிவப்பாக இருக்கும். டி-யில் போட்ட பிறகு வண்டி தாமதித்து நகர்ந்தாலோ, கருகிய வாடை வந்தாலோ ஓட்டுவதை அங்கேயே நிறுத்திவிடுங்கள். முன் சக்கரங்களால் ஓடும் காரை, அச்சக்கரங்கள் தரையில் உருளும்படி கயிறு கட்டி இழுக்கக் கூடாது. முழு வண்டியையும் ஏற்றிச் செல்லும் லாரியை அழையுங்கள். எந்த ஆயில் என்பதைக் கடைக்காரர் சொல்வதைக் கேட்டு முடிவுசெய்யாமல், காரோடு வந்த கையேட்டைப் பார்த்தே வாங்குங்கள். சிவிடிக்கு (நிலையான கியர்கள் இல்லாத ஆட்டோமேட்டிக் வகை) உரியதைச் சாதாரண ஆட்டோமேட்டிக்கிற்கோ, இதை அதற்கோ ஊற்றக் கூடாது.

இன்றிரவே அட்டையை விரித்துவிட்டு, வண்டியின் அடிப்பாகத்தைக் கழுவுவதற்கு முன்பு கறைகளைப் படம் எடுத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போங்கள். சீல் மாற்றிய பிறகும் ஒரு மாதம் வரை, நான் செய்ததுபோல, அந்த அட்டையை அதே இடத்தில் விரித்துவையுங்கள்.